பன்னிரண்டு வீடு, ஒரு பொது அடுக்களை: ஓசூரில் கூட்டுக் குடியிருப்பு அமைக்க

கூட்டுக் குடியிருப்பு என்றதும் கூட்டுக் குடும்பம் என்றோ விடுதி என்றோ நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனிச் சமையலறை, தனிக் கதவு, தன் பெயரில் பத்திரம் எல்லாம் உண்டு. கூடுதலாக எல்லோருக்கும் சொந்தமான பொதுவீடு ஒன்று இருக்கும். சேர்ந்து சமைக்க அடுக்களை, உட்கார்ந்து சாப்பிடக் கூடம், விருந்தாளி தங்க அறை எல்லாம் அதில் அடங்கும். நடத்துவதும் குடியிருப்பவர்களே. டென்மார்க்கில் ஹில்லரோட் ஊருக்கு அருகே 1972-ல் 27 வீடுகளோடு எழுந்த சேட்டடாமன் குடியிருப்பில் தொடங்கிய முறை இது.

ஓசூருக்கு இது பொருந்தக் காரணம் இருக்கிறது. ஆலை வேலைக்காகப் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே அதிகம். ஊரில் இருக்கும் அப்பா அம்மா பக்கத்திலும் இல்லை, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவருக்கு எதிர்வீட்டுக்காரர் முகம்கூடத் தெரியாது. கீழே சொல்வதெல்லாம் ஓசூரில் 12 குடும்பம், சுமார் 48 பேர் என்ற கணக்கை வைத்தே. கிருஷ்ணகிரி, தர்மபுரி நகரங்களுக்கும் சின்ன மாற்றங்களோடு பொருந்தும்.

இதில் கட்டடம் சுலபமான பகுதி. கட்டிய பிறகு பிரிவு வருவது பெரும்பாலும் தண்ணீரில், சமையல் முறையில், யாரோ ஒருவர் பணம் கட்டத் தாமதிப்பதில். மூன்றையும் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுத்தில் முடித்துவிட வேண்டும்.

எத்தனை வீடு

எட்டுக்குக் குறைந்தால் இரண்டு குடும்பம் ஊருக்குப் போனாலே சமையல் முறை நின்றுவிடும். இருவர் பேசாமல் இருந்தால் கூட்டமே இறுகிப்போகும். முப்பதைத் தாண்டினால் ஒருவரை ஒருவர் தெரியாது, சாதாரண அபார்ட்மென்ட் ஆகிவிடும். 12 முதல் 20 வரை நல்ல அளவு. முதல் முயற்சிக்கு 12 போதும்.

ஆட்களை எடுக்கும்போது ஒரே ஆலை, ஒரே ஷிப்ட், ஒரே வயது என்று சேர்க்காதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே போய், ஒரே நேரத்தில் ஓய்வு பெறும் குடியிருப்பில் பகலில் கதவு திறக்க ஆள் இருக்காது. பணி ஓய்வு பெற்ற இரண்டு மூன்று குடும்பம், சிறு பிள்ளைகள் உள்ள நான்கைந்து குடும்பம், தனியாக இருக்கும் ஓரிருவர் என்று கலந்து வரட்டும்.

சாதி பற்றி முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். "நம்ம ஆளுங்க மட்டும்" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னாலும் அவர் இந்தத் திட்டத்துக்கு ஆள் இல்லை. ஒரே பானையில் சமைத்து, முறை வைத்துப் பரிமாறப் போகிற இடம் இது. அந்தத் தயக்கத்தைச் சைவம்-அசைவம் என்ற பேச்சுக்குள் ஒளித்து வைக்கவும் இடம் கொடுக்கக் கூடாது. சைவம்-அசைவத்துக்குத் தனி ஏற்பாடு உண்டு, பின்னால் வருகிறது.

ஆறு மாத ஒத்திகை

நிலம் தேடுவதற்கு முன் ஆறு மாதம், மாதத்தில் இரண்டு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள். சாமான் செலவைத் தலைக்கு வகுத்து அன்றைக்கே வசூலிக்க வேண்டும். பாத்திரம் கழுவுவதும் சீட்டு எழுதிப் போட்டு முறையாக நடக்கட்டும்.

இந்தப் பன்னிரண்டு சாப்பாட்டில் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். யார் ஒவ்வொரு முறையும் கடைசியில் வருகிறார், யார் காசை "அப்புறம் தர்றேன்" என்கிறார், யார் வீட்டு ஆண் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிறார் என்பதெல்லாம் நிலம் வாங்கிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல். ஒத்திகையை நான்கு முறைக்கு மேல் தவறவிட்ட குடும்பத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். வருத்தம் வரும், ஆனால் இந்தக் கட்டத்தில் யாருக்கும் பண நஷ்டம் இல்லை. இருபது குடும்பத்தோடு தொடங்கினால்தான் பன்னிரண்டு நிற்கும்.

நிலம்

கணக்கு இப்படிப் போகும். வீடு ஒன்றுக்கு 850 சதுர அடி, 12 வீட்டுக்கு 10,200. பொதுவீடு 1,000. படிக்கட்டு, நடைபாதைக்கு 1,700. மொத்தம் 12,900 சதுர அடி. தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் என்றால் தரையில் 4,300 சதுர அடி பிடிக்கும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-இன்படி உயரம் குறைந்த கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது நிலத்தின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். அந்தக் கணக்கில் 15 சென்ட் போதும் என்று புரோக்கர் சொல்வார். கேட்காதீர்கள். முற்றமும் மரமும் பிள்ளைகள் ஓட இடமும் இல்லாமல் பன்னிரண்டு வீட்டை அடுக்கினால் கூட்டுக் குடியிருப்புக்கு உயிரே இல்லை. 30 சென்ட், அதாவது சுமார் 13,000 சதுர அடி பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு கட்டடம், மீதி திறந்த வெளி. வீட்டுக்குப் பிரிபடாத பங்கு, அதாவது எல்லை பிரிக்காமல் சேர்ந்து வைத்திருக்கும் நிலத்தில் உள்ள பங்கு, 2.5 சென்ட் வரும்.

பாகலூர் சாலை, ராயக்கோட்டை சாலை, தளி சாலை, மத்திகிரி என்று எந்தப் பக்கம் போனாலும் பார்க்க வேண்டிய காகிதங்கள் ஒன்றுதான்: மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல் (கிராமத்தின் நில வகைகளைக் குறித்த வருவாய்த் துறைப் பதிவேடு), புலப்பட நகல் (நிலத்தின் அளவை வரைபடம்). அ-பதிவேட்டில் பழைய வகைப்பாடு முக்கியம். புறம்போக்கு, பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கிய நிலம்) போன்ற சிக்கல்கள் பட்டாவில் தெரியாமல் அதில்தான் வெளிப்படும். புலப்படத்தில் ஓடை குறுக்கே போகிறதா என்றும் பாருங்கள். நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) குடியிருப்பு மண்டலமா, விவசாய மண்டலமா என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். நில வகைப்பாடு மாற்றம் என்று ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. எத்தனை வீடு, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்தே அனுமதிப்பார்கள் என்பதால், அட்வான்சுக்கு முன் நாடாவை எடுத்துச் சாலையை நீங்களே அளந்துவிடுங்கள்.

டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் வாங்குவதானால் அடுத்தடுத்த ஐந்தாறு மனைகள் தேவைப்படும். அவற்றை இணைக்கவும் அனுமதி வேண்டும். ஒரே துண்டாகக் கிடைத்தால் நல்லது.

சானமாவு, தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டோரம் மலிவாகக் கிடைக்கும். யானை வரும் வழியா என்று அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பலா, வாழை, களத்தில் ராகி எது இருந்தாலும் தேடி வரும்.

பத்திரமும் பணமும்

பன்னிரண்டு பேர் பெயரையும் ஒரே கிரயப் பத்திரத்தில் எழுதிவிட்டால் செலவும் அலைச்சலும் குறைவு என்று தோன்றும். அப்படிச் செய்தால் அசல் பத்திரம் ஒன்றுதான் இருக்கும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி அசலைக் கேட்கும், ஒரு வங்கியிடம் கொடுத்தால் மற்ற பதினொரு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். எனவே ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு பிரிபடாத பாகம் என்று பன்னிரண்டு தனிப் பத்திரம் பதியுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டையும் அவரவர் பங்குக்கு அவரவர் கட்டலாம். கட்டட அனுமதி விண்ணப்பத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட அலைய முடியாது. இரண்டு பேருக்கு அந்த வேலைக்கு மட்டும் என்று வரம்பிட்டுப் பொது அதிகார ஆவணம் பதிந்து கொடுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதில் அதிகாரம் இருக்கக் கூடாது.

எட்டு வீட்டுக்கு மேல், 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேல் கட்டி விற்பதானால் ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். தங்களுக்கென்றே கட்டிக்கொள்ளும் குழுவுக்கு விற்பனை இல்லை. ஆனால் இரண்டு வீட்டை வெளியாளுக்கு விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், விளம்பரம் செய்வதற்கே பதிவு தேவை என்பதை நினைவில் வையுங்கள். பன்னிரண்டு பேரையும் முன்பே உறுதி செய்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

கட்டி முடித்ததும் அடுக்குமாடி உடைமைச் சட்டப்படி சங்கம் பதிவு செய்ய வேண்டும். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. பொதுவீட்டை "பொதுப் பகுதி" என்று பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் பிற்காலத்தில் யாராவது அதைத் தனி வீடாக்கி வாடகைக்கு விடலாம் என்று கிளம்புவார்கள்.

இப்போது ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுத வேண்டியவை. நிலம் பதியும் முன் விலகினால் முழுப் பணம் திரும்பும். பதிந்த பின் விலகினால் மாற்று ஆள் வந்து கட்டும் பணத்திலிருந்துதான் திரும்பும், வட்டி கிடையாது. தவணை 15 நாள் தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி, 60 நாள் தாண்டினால் அந்த இடத்துக்கு வேறு குடும்பம் தேடப்படும். இது கடுமையாகத் தெரியும். ஆனால் ஒருவர் தவணை நின்றால் மேஸ்திரி ஆட்களை வேறு சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், மற்ற பதினொரு பேரும் வாடகையும் கட்டிக் கடன் வட்டியும் கட்ட வேண்டியிருக்கும். இன்னொன்று, பெரும்பாலோர் யோசிக்காதது: கட்டி முடிப்பதற்குள் ஒரு உறுப்பினர் இறந்து, வாரிசு சிறு பிள்ளையாக இருந்தால், அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். ஒவ்வொருவரும் உயில் எழுதி, மீதித் தவணைக்கு ஈடாக ஆயுள் காப்பீடு எடுத்துவிட்டுத்தான் முதல் தவணை கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம்

பொதுவீட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். கட்டுமானம் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 1,000 சதுர அடிப் பொதுவீடு 25 லட்சம், வீட்டுக்கு 2 லட்சத்துச் சொச்சம். ஒவ்வொரு வீட்டையும் 1,000 சதுர அடியிலிருந்து 850 ஆகக் குறைத்தால் வீட்டுக்கு 3.75 லட்சம் மிச்சம். விருந்தாளி அறை, பெரிய ஹால், சலவை மெஷின் வைக்கும் இடம் எல்லாம் பொதுவில் இருப்பதால் 850 போதும்.

பொதுவீட்டுக்குள்: சாப்பிடும் கூடம் 500 சதுர அடி (ஒரே பந்தியில் 40 பேர் உட்காரலாம்), அடுக்களை 150, சாமான் அறை 50, கழிப்பறையோடு விருந்தாளி அறை 155, சலவை 100, பொதுக் கழிப்பறை 45. இதைக் கட்டாயம் தரைத்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் வீட்டுப் படிக்கட்டுக்கும் நடுவே வையுங்கள். வேலை முடிந்து வருகிறவர் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மூலையில் அல்லது மொட்டை மாடியில் வைத்தால் ஆறே மாதத்தில் பழைய சைக்கிளும் கூலர் அட்டைப்பெட்டியும் அடுக்கும் இடமாகிவிடும். வண்டிகள் வாசலோரத்தோடு நிற்கட்டும், முற்றத்துக்குள் வரக் கூடாது. ஒவ்வொரு வீட்டுச் சமையலறை ஜன்னலும் முற்றத்தைப் பார்த்து இருந்தால், தாளிக்கும்போதே கீழே விளையாடும் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளலாம்.

பொதுவீட்டை "ரெண்டாம் கட்டம்" என்று தள்ளிப் போடாதீர்கள். பணம் தீரும், பிறகு வரவே வராது. முதலில் அதைக் கட்டி, சிமென்ட் மூட்டை அடுக்கவும் வாரக் கூட்டம் போடவும் பயன்படுத்துங்கள்.

வாஸ்து பெரிய சிக்கல். பன்னிரண்டு வாசலும் கிழக்கு பார்க்க முடியாது. வரைபடம் போடும் முன்பே தெற்கு வாசல், மேற்கு வாசல் யாருக்குச் சம்மதம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்து குடும்பமாவது சம்மதிக்காவிட்டால் அந்த நிலத்தில் வரைபடமே நிற்காது. பிறகு வீடு ஒதுக்கீடு குலுக்கலில். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு மட்டும் தரைத்தளம் முன்னுரிமை. லிப்ட் இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் குழிக்கு 6 அடிக்கு 6 அடி இடம் விட்டு வையுங்கள். வீட்டுக்குள் டைல்ஸ், அலமாரி, சமையல் மேடை அவரவர் விருப்பம். சுவரும் குழாய்ப் பாதையும் யாருக்காகவும் மாறக் கூடாது.

தண்ணீர்

ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர், 48 பேருக்குச் சுமார் 6,500. தரைத்தொட்டி 20,000 லிட்டர் கட்டுங்கள். 13 அடி நீளம், 9 அடி அகலம், 6 அடி தண்ணீர் ஆழம். மூன்று நாளைக்குத் தாங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கோடையில் 12,000 லிட்டர் லாரி வந்தால் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும்போதே முழு லோடையும் இறக்க முடிய வேண்டும். 10,000 லிட்டர் தொட்டி கட்டியவர்கள் முழு லோடுக்குக் காசு கொடுத்து மீதியைத் தெருவில் விடுவதைப் பார்க்கலாம். மேல்தொட்டி 3,000 லிட்டரில் இரண்டு இருக்கட்டும், ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும்.

தண்ணீர் மீட்டரை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் பிறகு வைக்கவே முடியாது. வழக்கமாக பிளம்பர் மேல்தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என்று தனித்தனிப் பாதையில் இறக்குவார். அப்படி இறக்கினால் வீட்டுக்கு மூன்று மீட்டர் வேண்டும், யாரும் வைக்க மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே இடத்தில் குழாய் நுழைந்து உள்ளே பிரிய வேண்டும் என்று வரைபடத்திலேயே குறித்து, நுழையும் இடத்தில் அரை இஞ்ச் மீட்டரும் அடைப்பு வால்வும் வெளியே கை எட்டும் உயரத்தில் வையுங்கள். தளத்துக்குக் கீழே போகும் குழாய் என்பதால் தொங்குகூரை போட இடம் விட வேண்டியிருக்கும். அந்தச் செலவு தகும்.

கட்டணம் ஆள் கணக்கில். ஆளுக்கு மாதம் 4,000 லிட்டர் வரை அடக்க விலை, அதற்கு மேல் இரட்டிப்பு. வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்தால் இருவர் மட்டும் உள்ள வீடு ஆறு பேர் வீட்டுக்காகக் கட்டுவதாகப் புகார் வரும். நியாயமான புகார்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பழைய பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. போர் போட்டதும் ஆய்வகத்தில் பாருங்கள்: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் நல்லது, 1.5-ஐத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றுவதால் அளவு கூடவே செய்யும். வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மாட்டுவதைவிடப் பொதுவீட்டில் மணிக்கு 50 லிட்டர் தரும் மெஷின் ஒன்று போதும். குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர் என்றால் நாளைக்கு 240, ஐந்து மணி நேரம் ஓடினால் நிரம்பும். குடத்தோடு வந்து பிடித்துப் போகட்டும். அங்கே நடக்கும் ஐந்து நிமிடப் பேச்சும் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதிதான். மெஷின் வெளியேற்றும் கழிவு நீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் விடுங்கள், செடிக்கு விட்டால் மண்ணில் உப்பு ஏறும்.

மழைநீர் பற்றிப் பெரிய கற்பனை வேண்டாம். வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, 400 சதுர மீட்டர் மாடி, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று கழித்தால் 2.5 லட்சம் லிட்டர். நாற்பது நாள் தேவைக்குக் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் வடிகட்டித் தரைத்தொட்டிக்கே விடுங்கள், மிச்சம் போர் அருகே குழிக்குப் போகட்டும்.

மோட்டார், பொது விளக்கு, பொது அடுக்களைக்குத் தனி மின் இணைப்பு வேண்டும். வீடுகளுக்கு உள்ள இலவச 100 யூனிட் அதற்குக் கிடையாது. 10 வீட்டுக்கு மேற்படாமல், மூன்று மாடிக்கு மேற்படாமல், லிப்ட் இல்லாமல் இருந்தால் பொது இணைப்புக்குக் குறைந்த கட்டணம் உண்டு. பன்னிரண்டு வீட்டுக்கு அது பொருந்தாது. மாடியில் சோலார் போடுங்கள். குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குப் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது.

அடுக்களை

வாரத்துக்கு இரண்டு பொதுச் சாப்பாடு போதும்: புதன் இரவு, ஞாயிறு மதியம். தினமும் என்று தொடங்கும் குழுக்கள் மூன்று மாதத்தில் களைத்துப்போகும். 24 பெரியவர்களை மூன்று மூன்று பேராக எட்டு அணியாகப் பிரித்தால் ஒரு அணிக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறைதான் சமையல் வரும். ஒவ்வொரு அணியிலும் ஒரு ஆணாவது இருக்க வேண்டும், அவர் வேலை சந்தைக்குப் போய் வருவது மட்டுமல்ல. இந்த விதியை விட்டுவிட்டால் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் தங்கள் வீட்டு அடுப்போடு இன்னொரு அடுப்பையும் சுமப்பார்கள், வருடம் முடிவதற்குள் அது அணைந்துவிடும். கணவன் மனைவி ஒரே அணியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் காய் நறுக்கித் தந்தால் போதும். பாத்திரம் தேய்க்க ஆள் வைத்துக்கொள்ளலாம். சமைக்கவே ஆள் வைத்தால் அது மெஸ்.

ஞாயிறு மதியம் 40 பேருக்கு: அரிசி 4.5 கிலோ (கிலோவுக்கு ஒன்பது பேர்), துவரம்பருப்பு 1.25 கிலோ, சாம்பாருக்குக் காய் 3 கிலோ, பொரியலுக்கு 4 கிலோ, ரசத்துக்கும் சாம்பாருக்கும் சேர்த்துப் புளி 300 கிராம், எண்ணெய் அரை லிட்டர், மோருக்கும் தயிருக்கும் பால் 4 லிட்டர். காயை அதிகாலையில் உழவர் சந்தையில் வாங்கினால் தட்டுக்கு 40 ரூபாய் என்று வைத்துத் தொடங்கலாம், மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்த்து மாற்றுங்கள். எத்தனை தட்டு என்று முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் பலகையில் எழுத வேண்டும். எழுதிவிட்டு வராவிட்டாலும் காசு உண்டு. "அக்கா, மச்சான் குடும்பம் வந்திருக்காங்க, ஒரு ஆறு தட்டு கூடுதலா" என்று பதினொரு மணிக்கு வந்து நிற்பவருக்கு இருப்பதைப் பகிர்ந்து கொடுக்கலாம், ஆனால் உலை மறுபடி வைக்கக் கூடாது.

புதன் இரவு களி போடலாம். ராகி மாவு ஆளுக்கு 90 கிராம், மொத்தம் 3.6 கிலோ. இதை ஒரே பானையில் கிண்ட முயல வேண்டாம். ஒரு பானையில் 2 கிலோவுக்கு மேல் போனால் துடுப்பு சுழலாது, அடியில் மாவு கட்டி தட்டும், மேலே வெந்தது போலத் தெரியும். இரண்டு பானை, இரண்டு துடுப்பு, பானையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ. ஆனால் களி சூட்டோடு உருட்டிச் சாப்பிட வேண்டியது. மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்டை முடித்து இரவு பத்தரைக்கு வருகிறவருக்கு ஆறி இறுகிய உருண்டையை எடுத்து வைப்பது மரியாதை இல்லை. களி நாளில் தாமதத் தட்டுகளுக்கு மட்டும் அரை கிலோ அரிசி தனியாக வடித்து, வீட்டு எண் எழுதிய டிபன் பாக்ஸில் ஹாட்பாக்ஸுக்குள் வையுங்கள்.

சாமான் பட்டியல்: இரண்டு பர்னர் பெரிய அடுப்பு, 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு (வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைப் பொது அடுக்களையில் வைக்கக் கூடாது, கட்டடத்துக்கு வெளியே கூண்டில் வைத்து உள்ளே குழாய் இழுங்கள்), 22 லிட்டர் குக்கர், மூடியோடு அண்டா மூன்று, 5 லிட்டர் கிரைண்டர், தட்டு டம்ளர் அறுபது அறுபது, அண்டா உள்ளே படுக்கும் அளவுக்கு ஆழமான தொட்டி. வீட்டு சிங்க் போட்டால் அண்டாவை முற்றத்தில் வைத்துத் தேய்க்க வேண்டியதுதான்.

அசைவத்துக்கு வெளியே ஓட்டுக் கொட்டகையில் தனி அடுப்பு, கைப்பிடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்த தனிப் பாத்திரம், தனித் தேய்ப்பு நார். மாதம் ஒரு ஞாயிறு அசைவம், அன்றைக்குச் சைவமும் கட்டாயம் உண்டு. எந்த ஞாயிறு என்று வருட ஆரம்பத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிட்டால் கார்த்திகை, புரட்டாசி, விரதம் எல்லாம் மோதாமல் தப்பிக்கலாம்.

கூட்டமும் சண்டையும்

மாதம் ஒரு கூட்டம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஷிப்ட் சுழல்வதால் எப்போதும் ஞாயிறு காலை என்று வைத்தால் அதே நான்கு பேர் தொடர்ந்து விட்டுப்போவார்கள். ஒரு மாதம் காலை, அடுத்த மாதம் மாலை என்று மாற்றுங்கள். பன்னிரண்டில் எட்டு வீடு வந்தால்தான் முடிவு செல்லும். முதலில் எல்லோர் சம்மதமும் தேடுங்கள். அடுத்தடுத்து இரண்டு கூட்டத்திலும் சம்மதம் கூடி வராவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. தலைவர் ஓராண்டுக்கு மேல் தொடரக் கூடாது. ஒரே ஆள் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்யும் குடியிருப்பு அவருக்கு இடமாற்றம் வந்த மாதமே நிற்கும். ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் ஏராளம், எந்த மொழியிலும் பேசட்டும். தீர்மானப் புத்தகம் தமிழில் எழுதி அங்கேயே உரக்கப் படித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டும். புகாரை நேரில் சொல்ல வேண்டும், மூன்று நாளுக்குள். தீராவிட்டால் சம்பந்தமில்லாத இருவரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துப் பேச வைக்கலாம். இரவு ஷிப்ட் ஆட்கள் தூங்கும் வீட்டு வாசலில் நீலப் பலகை தொங்கினால் பகலிலும் அந்தப் பக்கம் டிரில் போடக் கூடாது, பிள்ளைகள் பந்தாடக் கூடாது. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இது இல்லாத இடத்தில் வரும் முதல் சண்டை இதுதான்.

விருந்தாளி அறைக்கு ஒரு தடவைக்கு நான்கு இரவு வரம்பு, பலகையில் ஒரு மாதம் முன்பே எழுதலாம். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேருக்கும் பொங்கலுக்கும் மட்டும் குலுக்கல்.

வீட்டை விற்க நினைப்பவர் முதலில் சங்கத்துக்குச் சொல்லி 30 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்குள் உறுப்பினர்கள் ஆள் கொண்டுவரலாம். அதன் பிறகு அவர் விருப்பம். "இன்னாருக்கு விற்கக் கூடாது" என்று தடுக்கும் அதிகாரத்தைச் சங்கத்துக்குக் கொடுக்காதீர்கள், அது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். வாடகைக்கு வருபவருக்குச் சமையல் முறையும் கூட்டத்தில் பேச்சும் உண்டு, பெரிய செலவுக்கான வாக்கு மட்டும் உரிமையாளருக்கு.

தொடக்க நிதியாக வீட்டுக்கு 50,000 ரூபாய் எடுத்து 6 லட்சத்தை வைப்புத்தொகையில் போடுங்கள். போர் வற்றி ஆயிரம் அடிக்குப் புதிதாக இறக்குவதோ, மோட்டார் காயில் போவதோ நிச்சயம் ஒரு நாள் வரும். அப்போது வீடு வீடாகப் போய் வசூலிக்க நேரம் இருக்காது.

நிலம் வாங்க வழியில்லாதவர்கள்

ஆறு அல்லது எட்டு போர்ஷன் உள்ள ஒரே கட்டடத்தை வாடகைக்கோ லீசுக்கோ சேர்ந்து பிடியுங்கள். ஒரு போர்ஷனைப் பொதுவீடாக வையுங்கள். எட்டில் ஏழு குடும்பம் குடியிருந்தால் அந்த ஒரு போர்ஷன் வாடகை தலைக்கு ஏழில் ஒரு பங்கு. வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் ஏழு பேரும் தனித்தனியாகப் போடுங்கள், பொதுப் போர்ஷனுக்கு மட்டும் இருவர் சேர்ந்து கையெழுத்திடலாம். ஒரே ஒப்பந்தத்தில் ஒருவர் பெயரில் எடுத்தால், அவருக்கு மாற்றல் வந்த நாளில் எல்லோரும் காலி செய்ய வேண்டிவரும். குடியேறும் முன் வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: பொதுப் போர்ஷனில் எல்லோருக்கும் சேர்த்துச் சமைக்கலாம், வெளியே கொட்டகை போடலாம், குடும்பம் மாறினால் புதுக் குடும்பத்தை மீதி ஆறு பேரே தேடிக் கொண்டுவரலாம்.